ஓகோனீ மணிப்பூவும் அது பிறந்த நிலமும்

வரலாறு என்றதும் அரசர் வழிமுறையும் போர்க்களமும் உடன்படிக்கைகளுமே நம் மாணவர் நெஞ்சில் முந்தி நிற்கின்றன. ஒரு பூவிற்கு வரலாறு உண்டு என்றால் நகைப்போரும் உளர். ஆயினும், ஒரு சாண் உயரமே வளரும் காட்டுப்பூ ஒன்று அமெரிக்கத் தாவரவியலாரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மலைமலையாக அலையவைத்தது. அதற்குப் பெயர் இருந்தது. நூலில் இடமும் இருந்தது. உயிரோடு நிற்கும் செடியை மட்டும் அறிஞர் எவரும் கண்டிலர். அவர்கள் அதனைக் காணாமைக்குரிய காரணங்களை ஆராயப்புகின், சான்றுகளை வரலாற்று மாணவன் எவ்வாறு படித்தல் வேண்டும் என்னும் கேள்வி எழுகின்றது. அதனோடு, ஒரு பழங்குடியினர் தம் நிலத்தை இழந்த வரலாறும் உடன் எழுகின்றது. அப்பூவின் அறிவியற்பெயர் ஷோட்டியா கலசிபோலியா. ஊர்மக்கள் அதனை ஓகோனீ மணிகள் என்பர்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்கிழக்கில், வட கரோலினா, தென் கரோலினா ஆகிய இரு மாநிலங்களும் சந்திக்கும் எல்லையில், நீலமலைத்தொடர் திடீரெனச் சரிந்து சமநிலத்தை நோக்கி இறங்குகின்றது. அச்சரிவிலே பல ஆறுகள் அருவிகளாகக் குதித்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை அறுத்துள்ளன. ஆண்டொன்றிற்கு எண்பது அங்குலத்திற்கு மேல் மழை பெறும் இடங்கள் அங்கு உண்டு. உயர்ந்த மரங்களின் கீழே ரோடோடென்ரன் புதர்கள் அடர்ந்து ஞாயிற்றின் ஒளியை மறைக்க, அவற்றின் அடியில், ஓடைக்கரையின் ஈரமான சாய்வுகளிலே, இச்செடி பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும். இலை வட்டமானது, பளபளப்பானது, விளிம்பு வாள்போற் பல்லுடையது. மாரிக்காலத்திலும் உதிராது செம்பு நிறம் பெற்று நிற்கும். மார்ச்சு மாதத்தின் நடுவிலே, மேலுள்ள மரங்கள் தளிர்க்குமுன், தண்டொன்றிற்கு ஒரு பூவாக, ஓரங்குல அளவில் வெண்மணிகள் தலைகவிழ்ந்து தோன்றும். ஏப்பிரல் முதற்கூறுக்குள் எல்லாம் முடிந்துவிடும். விதை மிகச் சிறியது. விரைவில் முளைக்கும் ஆற்றலை இழப்பது. தாய்ச்செடியை விட்டு நெடுந்தூரம் செல்லாதது. ஆகவே ஓடைக்கு ஓடை தாவி நாடெங்கும் பரவும் வல்லமை இதற்கு இல்லை. இருந்த இடத்திலே நிலத்தடித் தண்டினால் மெல்லமெல்லப் படர்வதே இதன் இயல்பு. இவ்வியல்பும், பூக்கும் காலமும், வாழும் உயரமும் பின்வரும் கதைக்கு இன்றியமையாதன.

பிரான்சிய அரசு தன் காடுகளை அழித்துக் கப்பல் கட்டி ஓய்ந்தபின், புதிய மரவகைகளைத் தேடி 1785 ஆம் ஆண்டில் அந்திரே மிஷோ என்பாரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. வெர்சாய் அரண்மனைக்கு அண்மையில் 1746 இல் உழவர் குடியிற் பிறந்த மிஷோ, இளம் மனைவியை இழந்தபின் தாவர ஆராய்ச்சியிலே தம்மை முற்றாக ஒப்படைத்தவர். பாரசீகத்திலும் முன்பு செடி திரட்டியவர். தென் கரோலினாவின் துறைமுக நகராகிய சார்ள்ஸ்டனுக்கு அருகே நாற்றுத்தோட்டம் ஒன்றை அமைத்து, அங்கிருந்து உள்நாட்டு மலைகளுக்குப் பலமுறை பயணஞ் செய்தார். 1787 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கியோவீ ஆற்றின் தலைப்பகுதிக்கு முதன்முறை சென்றார். அடுத்த ஆண்டு திசெம்பர் மாதத்தில் அங்கு மீண்டும் போனார்.

இவ்விரண்டாம் பயணத்தை அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். 1788 திசெம்பர் 8 ஆம் நாள், மலையிலிருந்து வீழும் இரு பெரும் ஓடைகள் கூடி ஆறாகும் இடத்தை அவர் அடைந்தார். அங்கே ஒரு சிறு சமவெளி. முன்னர் அது செரோக்கி மக்களின் ஊராக இருந்தது. அவர் சென்றபோது ஒரு குடிசையும் அதில் ஒரு செரோக்கிக் குடும்பமுமே எஞ்சியிருந்தன. அவ்விடத்திற் கூடாரமிட்டு, ஆற்றிற்கு அணித்தான சாய்விலே, பல்விளிம்புடைய இலைகளோடு தாழப் படரும் புதிய செடியொன்றை அவர் எடுத்தார். மூன்று நாட் கழித்துத் திரும்பும் வழியிலே அதனை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டு, வேறெந்த மலையிலும் அதனைத் தாம் கண்டதில்லை என்றும் குறித்தார். இலையை மெல்லுதல் சுவையாயிருக்கும் என்றும் கசக்கினால் நறுமணம் கமழும் என்றும் அவ்விடத்து மக்கள் சொன்னதையும் எழுதினார். அவ்விடத்திற்குச் செல்லும் வழியையும், ஆற்றைக் கடக்கும் இடங்களையும், குடிசையிலிருந்து செல்லவேண்டிய திசையையும் குறிக்க அவர் மறக்கவில்லை. பிற்காலத்தார்க்கு இதனினும் தெளிவாக ஒருவர் வழிகாட்டுதல் அரிது.

ஊர் இருந்த இடத்தில் ஒரு குடிசை மட்டும் ஏன் நின்றது? தாவரவியல் நூல்கள் இவ்வினாவை எழுப்புவதில்லை; வரலாற்று மாணவன் எழுப்பாமலிருத்தல் தகாது. கியோவீ ஆற்றுப் பள்ளத்தாக்கு செரோக்கி மக்களின் கீழூர்கள் நிறைந்திருந்த நிலம். 1760 இல் ஆங்கிலப் படை அவ்வூர்களை எரித்தது. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய மறு ஆண்டில், அதாவது 1776 இல், தென் கரோலினாவின் குடிப்படை மீண்டும் எரித்தது. 1777 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் அக்கீழூர் நிலத்தின் பெரும்பகுதியைச் செரோக்கியர் கையளிக்க நேர்ந்தது. மிஷோ அங்கு சென்றது அதற்குப் பதினோராண்டு கழித்து. அவருக்கு அடுப்பின் அருகில் இடங்கொடுத்து, இலையின் இயல்பையும் எடுத்துரைத்த அக்குடும்பத்தினர், அழிந்த ஊரொன்றின் எச்சமாய் நின்றவர்கள். அவர்தம் பெயரை நாட்குறிப்பு கூறவில்லை.

இங்கு ஒரு தடையையும் கூறிச் செல்லல் வேண்டும். மிஷோ திசெம்பரில் எடுத்தது ஷோட்டியாவே என்று பலகாலம் கொள்ளப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இதனை மறுக்கின்றனர். ஷோட்டியாவின் இலையைக் கசக்கினால் மணம் இல்லை. நாட்குறிப்பு கூறும் மணமும் சுவையும் அம்மலைகளில் வளரும் கோல்தீரியா என்னும் வேறொரு சிறுசெடிக்கே பொருந்தும். பாரிசில் உள்ள உலர்ந்த மாதிரியிலோ காய் காணப்படுகின்றது. எனவே 1787 ஆம் ஆண்டு யூன் மாதப் பயணத்திலேயே அது எடுக்கப்பட்டிருத்தல் கூடும் என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை வலிமையுடையதென்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும் இரு பயணங்களும் ஒரே ஆற்றின் தலைப்பகுதிக்கே சென்றன ஆதலின், செடியின் பிறப்பிடம் பற்றிய முடிவு இதனால் பெரிதும் மாறுவதில்லை. நாட்குறிப்பின் வரிகள் வேறு செடியைக் குறித்திருப்பினும், அவ்வரிகளைத் தொடர்ந்து சென்றவன் ஷோட்டியாவைக் கண்டிருப்பான் என்பதே இதிலுள்ள விந்தை.

மிஷோ 1796 இல் தாயகம் திரும்புகையில் ஒல்லாந்துக் கரைக்கப்பாற் கப்பல் உடைந்தது. செடித்தாள்களிற் பெரும்பாலன பிழைத்தன. பின்னர் அவர் மீண்டும் கடலேறி, 1802 இல் மடகாசுக்கரில் காய்ச்சலால் மடிந்தார். அவர் பெயரால் 1803 இல் வெளிவந்த வட அமெரிக்கத் தாவர நூலிலே இச்செடி இடம்பெறவில்லை. பூவில்லாத மாதிரியை எக்குடும்பத்திற் சேர்ப்பது என்று துணிய முடியாமையால் அது இனந்தெரியாதவற்றோடு கட்டிவைக்கப்பட்டது போலும். இவ்வாறு செடி பாரிசில் தங்கியது. நாட்குறிப்பை அவர் மைந்தர் 1824 இல் பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்க மெய்யியற் கழகத்துக்கு அளித்தார். ஒரே பயணத்தின் இரு சான்றுகளும் அத்திலாந்திக்கு மாகடலின் இரு கரைகளிலும் பிரிந்து கிடந்தன. செடித்தாளில் ஒட்டிய சீட்டிலே, இது கரோலினாவின் உயர்ந்த மலைகளில் எடுக்கப்பட்டது என்னும் கருத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. தேட்டம் முழுவதும் இக்குறிப்பினாலேயே திசைமாறியது.

1839 ஆம் ஆண்டு இளவேனிலில் ஆசா கிரே என்னும் இருபத்தெட்டு வயதுடைய அமெரிக்கர் பாரிசில் மிஷோவின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மிச்சிக்கன் பல்கலைக்கழகத்துக்கு நூல் வாங்கவும், அமெரிக்கச் செடிகளின் மூல மாதிரிகளைப் பார்வையிடவும் ஐரோப்பா சென்றிருந்தவர் அவர். பெயரற்றுக் கிடந்த இத்தாளைக் கண்டதும், இது இதுவரை அறியப்படாத புதியதோர் சாதி எனத் துணிந்தார். தாவரவியலார் பல இனங்களை உள்ளடக்கும் பிரிவையே சாதி என்பர். நாடு திரும்பி, 1842 இல் அதற்கு ஷோட்டியா எனப் பெயரிட்டார். கெந்தக்கி மாநிலத்து மருத்துவரும் தாவரவியலாருமான சார்ள்ஸ் வில்கின்ஸ் ஷோட் என்பாரைச் சிறப்பித்தது அப்பெயர். அம்மலைகளின் கலக்ஸ் என்னும் செடியின் இலையை ஒத்திருத்தலின் கலசிபோலியா என்பது சேர்ந்தது. ஷோட் 1863 இல் இறந்தார். தம் பெயர்கொண்ட செடியை அவர் ஒருபோதும் கண்டிலர்.

கிரே பாரிசிலே அத்தாளை நோக்கிக்கொண்டிருந்த அதே இளவேனிலில், செரோக்கி மக்களின் கட்டாய வெளியேற்றம் முடிவுற்றது என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். 1830 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 1838 இலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் படைக்காவலுடன் அவர்கள் மிசிசிப்பி ஆற்றிற்கு மேற்கே கொண்டுசெல்லப்பட்டனர். இறுதிக் கூட்டத்தினர் 1839 மார்ச்சு மாதத்திற் போய்ச் சேர்ந்தனர். வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். கண்ணீர்ப் பாதை என வரலாறு கூறுவது இதனையே. மலைகளிற் சிலர் ஒதுங்கி எஞ்சினர் என்பது உண்மை. ஆயினும் கியோவீப் பள்ளத்தாக்கின் ஓடைக்கரைகளைத் தலைமுறையாக அறிந்திருந்தோர் அங்கு இல்லாதொழிந்தனர். அறிஞர் தேடத் தொடங்கியபோது, கேட்டிருந்தால் சொல்லக்கூடியோர் அந்நிலத்தில் இல்லை.

1841 இல் கிரே வட கரோலினாவின் உயர்ந்த சிகரங்களில் ஏறினார். 1843 இல் மறுபடியும் அம்மலைகளுக்குச் சென்றார். செடி அகப்படவில்லை. அகப்படுவது எங்ஙனம்? சீட்டிலிருந்த உயர்ந்த மலைகள் என்னும் சொல்லை அவர் ஐயாயிரம், ஆறாயிரம் அடிச் சிகரங்களாகக் கொண்டார். ஷோட்டியாவோ மலையின் அடிவாரப் பள்ளத்தாக்குகளில், பெரும்பாலும் ஈராயிரம் அடிக்குக் கீழே வாழ்வது. சார்ள்ஸ்டனின் தட்டைநிலத்திலிருந்து சென்ற மிஷோவுக்கு, அருவிகள் குதிக்கும் அந்நிலம் முழுவதுமே உயர்ந்த மலைநாடாகத் தோன்றியிருக்கும். இருவரும் ஒரே சொல்லை இருவேறு பொருளிற் கொண்டனர். காலமும் பிழைத்தது. வடக்கிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் பனி நீங்கிப் பாதை உலர்ந்த கோடையிலேதான் மலையேறுவர். அப்போது பூ உதிர்ந்து, இலைமட்டும் கலக்ஸ் இலைகளின் நடுவே கலந்து கிடக்கும். பிலடெல்பியாவில் நாட்குறிப்பு படிக்கத்தக்க நிலையில் இருந்தும், அதன் திசெம்பர் வரிகளையும் பாரிசுத் தாளையும் இணைத்துப் பார்த்து அவ்வழியே நடந்தவர் எவருமிலர். நம் மாணவர் ஓர் ஆவணத்தைக் கண்டதும் அதன் சொல்லை அப்படியே பற்றிக்கொள்வர். எழுதியவன் எங்கு நின்று எழுதினான் என்று கேட்கமாட்டார். ஆசா கிரே போன்ற பேரறிஞரே இவ்விடத்தில் தடுமாறினாரெனின் மாணவரைக் குறைகூறிப் பயனென்ன?

நண்பர்கள் ஷோட்டியா என ஒன்று உண்டோ என்று ஏளனஞ் செய்யத் தொடங்கினர். கிரே நம்பிக்கை இழக்கவில்லை. அந்நம்பிக்கைக்கு உரமிட்டது யப்பான் நாட்டுச் செடியொன்று. கிழக்கு ஆசியாவின் காட்டுச்செடிகளுக்கும் கிழக்கு அமெரிக்காவின் காட்டுச்செடிகளுக்கும் உள்ள உறவை 1859 இல் விரிவாக ஆராய்ந்து நிறுவியவர் கிரே. தார்வினின் கொள்கையை அமெரிக்காவில் முன்னின்று ஆதரித்தவரும் அவரே. பழங்காலத்தில் வடபுலமெங்கும் தொடர்ந்து பரவியிருந்த காடுகள் குளிர்மிகுதியால் தெற்கே ஒதுங்கி இருபுறத்தும் பிரிந்தன என்பது அவர் விளக்கம். பின்னர் உருசியத் தாவரவியலார் மக்சிமோவிச் யப்பானிலிருந்து வருணித்த ஒரு செடி, ஷோட்டியாவின் உடன்பிறப்பே எனக் கண்டறியப்பட்டது. இன்று அச்சாதியின் மற்றை இனங்கள் யப்பான், தாய்வான், சீனம் முதலிய நாடுகளில் அறியப்படுகின்றன. கடலுக்கு அப்பால் உறவினர் கிடைத்தபின்னரும் வீட்டிலுள்ளவன் முகங்காட்டவில்லை!

1877 ஆம் ஆண்டு மே மாதத்தில், வட கரோலினாவின் மரியன் என்னும் ஊருக்கருகே, கட்டாபா ஆற்றங்கரையில், ஜோர்ஜ் ஹைம்ஸ் என்னும் பதினேழு வயது இளைஞன் பெயர்தெரியாத செடியொன்றைப் பிடுங்கினான். அவன் தந்தை ஸ்டேற்ஸ்வில் ஊரில் மருந்து வேர்களையும் மூலிகைகளையும் திரட்டி விற்கும் வாணிபத்தில் ஈடுபட்டவர். அவருக்கும் அது விளங்கவில்லை. மறு ஆண்டு அம்மாதிரி றோட் ஐலண்ட் மாநிலத்திலிருந்த கொங்டன் என்பாரிடம் போய், அவர்வழி கிரேயின் கைக்கு எட்டியது. அறுபத்தேழு வயதான கிரே அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவ்வாண்டிலேயே பிரான்சிய அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினர் வரிசையிற் சேர்த்துச் சிறப்பித்திருந்தது. அச்சிறப்பினும் இச்செடி தமக்குப் பன்மடங்கு இன்பந்தந்தது என்னும் கருத்தை அவர் கடிதத்தில் எழுதினார். கல்விமான்கள் கண்டிலாததை மூலிகை வாணிபனின் மகன் கண்டான் என்பதில் வியப்பில்லை. வேர் திரட்டுவோன் சிகரத்தை நாடுவதில்லை. ஓடைக்கரையிலே குனிந்து நடப்பவன் அவன்.

1879 இல் கிரே தம் மனைவியோடும் நண்பரோடும் மரியனுக்குச் சென்று, அச்செடிகளை அவை முளைத்த நிலத்திலேயே பார்த்தார். பூக்காலம் கழிந்திருந்தது. சில அடி அகலமான சிறு திட்டு ஒன்றே அங்கு காணப்பட்டது. மிஷோவின் இடம் இதுவன்று என்பது தெளிவு. கியோவீ அங்கிருந்து ஏறக்குறைய 70 மைல் தென்மேற்கே உள்ளது. மரியன் பகுதிச் செடிகளின் பூவிற் சூல்தண்டு குறுகியதென்று கண்டு 1952 இல் அவற்றைத் தனி வகையாகப் பிரித்தனர். அண்மையில் தனி இனமாகவே கொள்வோரும் உளர். அங்ஙனமாயின், கிரே கண்டு களித்தது மிஷோவின் செடியேதானா என்று கேட்பினும் தவறாகாது.

மிஷோவின் இடத்தை மீட்டவர் ஆர்ணல்ட் மரத்தோட்டத்தின் முதற் பணிப்பாளராகிய சார்ள்ஸ் சார்ஜென்ற். அவர் தேடிச் சென்றதும் ஷோட்டியாவையன்று. மிஷோ கூறிய மக்னோலியா மரமொன்றை நாடி 1886 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கியோவீயின் தலையோடைகளிற் சுற்றியபோது, தரையிற் கிடந்த இலையொன்றை எடுத்துவைத்தார். அது ஷோட்டியாவின் இலை என்பது பின்னரே தெளிவாயிற்று. அதன்பின் நாட்குறிப்பின் வரிகள் உயிர்பெற்றன. 1889 இல் சார்ஜென்ற் அதனைப் பதிப்பித்தும் வெளியிட்டார். கிரே 1888 சனவரியில் உலகை நீத்தார். 1889 இளவேனிலில் ஹைலண்ட்ஸ் என்னும் ஊரினரான பொயின்றன் சென்று, ஓடைச் சாய்வுகள் வெள்ளை விரித்தாற்போல் ஷோட்டியா பூத்திருப்பதைக் கண்டார். உலகிலேயே அரிய செடி எனக் கருதப்பட்டது அங்கே கால்வைக்க இடமின்றிப் பரந்து கிடந்தது. நாற்றுப்பண்ணையார் வந்து பெருமளவில் அள்ளிச் சென்றனர். ஐரோப்பியத் தோட்டங்களையும் அது அடைந்தது. காணாமற்போன செடி என்று நூல்கள் எழுதிவந்தன. அச்செடி எங்கும் போகவில்லை. தேடியோரே அவ்விடத்துக்குப் போகவில்லை.

இக்கதையின் இறுதிப்பகுதி அறிஞரால் நிகழ்ந்ததன்று. இரு ஓடைகள் கூடிக் கியோவீயாகும் அப்பள்ளத்தாக்கு ஜொக்காசீ எனப்படும். காணாமற்போனவளின் இடம் என்பது அச்சொல்லின் பொருள் என்று அப்பகுதியார் ஒரு காதற்கதையோடு சேர்த்துக் கூறுவர். அக்கதை வெள்ளையர் புனைந்ததோ செரோக்கியர் வழங்கியதோ எனப் பிரித்தறிதல் எளிதன்று. செங்குத்தான பள்ளத்தாக்கும் ஓயாத மழையும் செடிக்கு எவ்வாறு உகந்தனவோ அவ்வாறே மின்னாக்கத்துக்கும் உகந்தன. மின்னாக்கக் கம்பனியொன்று அங்கே 385 அடி உயரமான அணையைக் கட்டி, 1973 இல் நீரைத் தேக்கியது. 7,500 ஏக்கர் அளவில் ஏரி பரந்தது. மிஷோ கூடாரமிட்ட சமவெளியும், செரோக்கியரின் ஊர் இருந்த நிலமும், உலகில் ஷோட்டியா மிகுதியாக வளர்ந்த ஓடைக்கரைகளிற் பெரும்பகுதியும் நீருள் மூழ்கின. அதற்கு முன்னரே கீழ்ப்புறத்தில் எழுந்த கியோவீ ஏரி, பழைய கியோவீ ஊரின் நிலத்தை மறைத்துவிட்டது. சிகரத்தில் வாழும் செடியாயிருந்தால் ஷோட்டியா தப்பியிருக்கும். தாழ்ந்த ஓடைக்கரையை விரும்பும் அவ்வியல்பே முன்னர் அதனை அறிஞரிடமிருந்து மறைத்தது. அவ்வியல்பே பின்னர் அணைநீருக்கு அதனை இரையாக்கிற்று. மின்னொளி வேண்டாம் என்று எவரும் கூறார். ஆனால் இருநூறு ஆண்டு வரலாற்றைத் தாங்கிய ஒரு நிலத்திற்கு அத்திட்டத்தின் கணக்கிலே என்ன விலை குறித்தனர் என்று கேட்கும் உரிமை வரலாறு கற்போர்க்கு உண்டு.

நீர்மட்டத்திற்கு மேலுள்ள பள்ளத்தாக்குகளில் இன்றும் இச்செடி வாழ்கின்றது. சுற்றியுள்ள காடுகளின் பெருநிலப்பரப்பை 1990களில் மாநில அரசு பெற்றுப் பாதுகாப்பில் வைத்தது. ஏரிக்கரையில் டெவில்ஸ் போர்க் என்னும் மாநிலப் பூங்காவிலே, ஓடையொன்றை ஒட்டி ஏறக்குறைய ஒரு மைல் நீளமான நடைபாதைக்கு இப்பூவின் பெயரையே இட்டுள்ளனர். மார்ச்சு நடுவில் அங்கு செல்வோர், கோடை வரையும் காத்திராமல், பாதையின் இருமருங்கும் முழங்காலுக்குக் கீழே அதனைப் பார்க்கலாம்.